மார்கழிக் குளிரும் மழலையர் அறிவியலும்

மழலையர் வகுப்புகளில் குளிர்காலம் என்றதும் சுவரில் ஒட்டப்படும் படம் பெரும்பாலும் வெண்பனி மூடிய கூரையும், பஞ்சு ஒட்டிய பனிமனிதனும், கம்பளிக் குல்லாய் அணிந்த குழந்தையுமாகவே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.5 டிகிரி அட்சரேகையில், ஒன்றுக்கொன்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எந்தக் குழந்தையும் அத்தகைய பனிப்பொழிவைத் தன் வாசலில் கண்டதில்லை. ஆயினும் இவ்வூர்களுக்குக் குளிர்காலமே கிடையாது என்று கொள்வது பெரும்பிழை. வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கி, கண்மாய்கள் நிறைந்து, நிலம் ஈரம் சுமந்து கிடக்கும் மார்கழியிலும் தையிலும், பகலில் 30 டிகிரி செல்சியசை ஒட்டி நிற்கும் வெப்பநிலை விடியற்காலையில் 20 டிகிரிக்குச் சற்று மேல்வரை இறங்குகிறது. உறைபனி நாடுகளின் கண்ணுக்கு இந்த இறக்கம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பத்து டிகிரி இடைவெளிக்குள் எண்ணெய் உறைகிறது, காற்றின் ஈரம் நீராகிறது, தொலைவிலுள்ள கோவில் மணியோசை அருகில் வந்ததுபோல் கேட்கிறது. மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தை கண்ணால் கண்டு, கையால் தொட்டு, காதால் கேட்டு அறியக்கூடிய அறிவியல் முழுவதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பதே இவ்வத்தியாயத்தின் வாதம்.

புலன்களுக்குப் பயிற்சி தருவதே கல்வியின் முதற்படி என்ற கருத்தை வலுவாக முன்வைத்தவர் இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி. 1907இல் ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவர், 1939இல் பிரம்ம ஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாறுக்கு வந்து, இரண்டாம் உலகப் போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தபோது, அக்காலத்தின் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் கழித்தார். அவர் வடிவமைத்த கற்பித்தல் கருவிகளுள் ஒன்று, ஒரே அளவில் வெட்டப்பட்ட இரும்பு, கல், கண்ணாடி, மரம், கம்பளம் ஆகியவற்றின் சிறு பலகைகள்; குழந்தை கண்களை மூடிக்கொண்டு அவற்றைத் தொட்டு, எது குளிர்ச்சி, எது வெதுவெதுப்பு என்று வரிசைப்படுத்தும். அந்தப் பலகைகளை விலைகொடுத்து வாங்க வேண்டிய தேவை ராஜபாளையத்து வீட்டுக்கோ ஸ்ரீவில்லிபுத்தூர் அங்கன்வாடிக்கோ இல்லை. கருங்கல் படி, பித்தளைச் செம்பு, மரப்பலகை, கோரைப்பாய், பழைய கம்பளி ஆகிய ஐந்தும் மார்கழி விடியலில் அதே பாடத்தை இன்னும் கூர்மையாக நடத்துகின்றன.

உறையும் எண்ணெய்

இப்பகுதியின் குளிர்காலம் குழந்தைக்குத் தன்னை முதலில் அறிவிப்பது குளியலறை மாடத்தில் இருக்கும் தேங்காய் எண்ணெய்ப் புட்டியில்தான். கார்த்திகை வரை தண்ணீரைப்போல் தெளிந்து ஊற்றிய எண்ணெய், மார்கழியில் ஒருநாள் காலையில் புட்டியைக் கவிழ்த்தாலும் வெளியே வர மறுக்கிறது. தாய் அதை வெயிலில் வைக்கிறாள், அல்லது வெந்நீர்ச் சொம்புக்குள் சற்று நேரம் நிறுத்துகிறாள். தேங்காய் எண்ணெயின் உருகுநிலை, அதாவது அது திண்மத்திலிருந்து திரவமாக மாறும் வெப்பநிலை, ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ். மார்கழியின் இரவு அந்த எல்லைக்குக் கீழும் பகல் அதற்கு மேலும் அமைவதால், ஒரு பொருள் உறைவதையும் உருகுவதையும் ஒரே நாளுக்குள், குளிர்சாதனப் பெட்டியோ அடுப்போ இல்லாமல், காணும் வாய்ப்பு இவ்வூர்க் குழந்தைகளுக்கு இயல்பாகவே கிடைத்திருக்கிறது. உலகின் மிகக் குளிர்ந்த நாடுகளிலும் மிக வெப்பமான நாடுகளிலும் இவ்வாய்ப்பு இல்லை. ஓரிடத்தில் எண்ணெய் மாதக்கணக்கில் கல்லாகக் கிடக்கும், மற்றோரிடத்தில் ஆண்டு முழுவதும் திரவமாகவே நிற்கும்.

இதை ஒரு விளையாட்டாக அமைக்க, அகலமான வாயுள்ள கண்ணாடிக் குவளைகள் மூன்றில் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் ஆகியவற்றைத் தனித்தனியே ஊற்றி, இரவில் சன்னலோரத்தில் வைத்துவிட்டு, காலையில் குழந்தையைக் கொண்டு ஒவ்வொரு குவளையையும் மெல்லச் சாய்த்துப் பார்க்கச் செய்தால் போதும். தேங்காய் எண்ணெய் மட்டுமே வெண்மையாகிக் கெட்டிப்பட்டிருக்கும். மற்ற இரண்டும் அசையும். இரவு அவ்வளவு குளிராத நாட்களில் இன்னும் அழகான ஓர் இடைநிலை தென்படும்: குவளையின் அடியிலும் ஓரங்களிலும் மங்கலான வெண்படலம் படர்ந்து, நடுவில் எண்ணெய் தெளிவாக நிற்க, அந்தத் தெளிவுக்குள் தூவினாற்போல் நுண்ணிய வெண்மணிகள் மிதந்து கொண்டிருக்கும். தேங்காய் எண்ணெய் ஒரே வகை மூலக்கூறால் ஆனதன்று, பலவகைக் கொழுப்புகளின் கலவை. ஆகவே அது நீரைப்போல் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் சட்டென்று உறையாமல், எளிதில் உறையும் கொழுப்பு முதலிலும் ஏனையவை பின்னருமாகப் படிப்படியாக இறுகுகிறது. அந்த மங்கல் நிலையைக் குழந்தை கவனித்துவிட்டால், திண்மம், திரவம் என்ற இரண்டே பெட்டிகளுக்குள் உலகம் அடங்குவதில்லை என்பதை எவரும் சொல்லாமலே அது தெரிந்துகொள்கிறது.

நல்லெண்ணெய் உறையாமல் தேங்காய் எண்ணெய் மட்டும் உறைவதற்கான காரணம் அவற்றின் மூலக்கூறு வடிவத்தில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் என்னும் நிறைவுற்ற கொழுப்பு அமிலம். நிறைவுற்றது என்பதன் பொருள், அதன் கரிமச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இல்லாததால் சங்கிலி நேராக நீண்டிருக்கிறது என்பதே. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் மிகுந்திருக்கும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் சங்கிலி மடங்கி நிற்கிறது. நேரான விறகுகளை நெருக்கமாக அடுக்கிவிடலாம், கோணல்மாணலான சுள்ளிகளை அப்படி அடுக்க இயலாது. மூலக்கூறுகளும் அவ்வாறே நெருக்கமாக அடுக்கமைந்தால்தான் திண்மமாகும். இவ்விளக்கம் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உரியது. குழந்தைக்கு அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘நாளைக் காலையில் எது கெட்டியாகும்?’ என்ற கேள்வியை முந்தைய இரவில் கேட்டு, அதன் விடையை அது தானே போய்ப் பார்க்கவிடுவதே அந்த வயதுக்குப் போதுமான அறிவியல்.

உறைந்த எண்ணெயில் ஒரு சிறு கட்டியை எடுத்துக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தால், முதலில் ஒரு குளிர்ச்சியும், பிறகு வழுவழுப்பும், இறுதியில் விரலிடுக்கில் வழியும் திரவமும் அடுத்தடுத்துத் தோன்றும். உள்ளங்கைத் தோலின் வெப்பநிலை பொதுவாக 33 டிகிரியை ஒட்டி இருப்பதால், 24 டிகிரியில் உருகும் எண்ணெய் கையிலேயே கரைகிறது. கரையும்போது அது கையிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. வெப்பநிலையை உயர்த்தாமல், நிலையை மாற்றுவதற்காக மட்டுமே செலவாகும் அந்த வெப்பத்திற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். மார்கழி நீராட்டு விழாவில் ஆண்டாளுக்கு எண்ணெய்க் காப்பு நடைபெறும் ஸ்ரீவில்லிபுத்தூரில், சனிக்கிழமை தோறும் தலையில் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டப்படும் குழந்தைக்கு, எண்ணெய் தேய்க்கும் அந்தச் சில நிமிடங்களே ஒரு நல்ல ஆய்வு நேரம் ஆகும்.

இவ்வரிசையில் மிகச் சிறந்த சோதனை இனிமேல்தான் வருகிறது. ஒரு குவளையில் உருகிய தேங்காய் எண்ணெயை ஊற்றி, அதனுள் உறைந்த தேங்காய் எண்ணெய்க் கட்டியை இட வேண்டும். மற்றொரு குவளையில் தண்ணீரை ஊற்றி, அதனுள் ஐஸ் கட்டியை இட வேண்டும். எண்ணெய்க் கட்டி அடியில் போய் அமர்கிறது. ஐஸ் கட்டி மேலே மிதக்கிறது. பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கி அடர்த்தி கூடுகின்றன. அதனால் அவற்றின் திண்மம் திரவத்தில் மூழ்கும். நீரோ உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருமன் பெருகி, அடர்த்தி குறைந்து மிதக்கிறது. குளிர்நாட்டு ஏரிகள் மேற்பரப்பிலிருந்து உறைவதும், பனிப்படலத்தின் அடியில் மீன்கள் உயிர்வாழ்வதும் நீரின் இந்த விதிவிலக்கான பண்பினால்தான். கடுங்குளிர் நாட்டு வகுப்பறையில் ஐஸ் மிதப்பதை மட்டும் பார்த்து வளரும் குழந்தை அதையே இயல்பு என்று எண்ணிவிடக்கூடும். எண்ணெயையும் சேர்த்துப் பார்க்கும் ராஜபாளையத்துக் குழந்தைக்கோ எது விதி, எது விலக்கு என்பது ஒரே பார்வையில் புலப்படுகிறது.

தொடுகையின் தீர்ப்பு

கருங்கல் படியும் கோரைப்பாயும் ஒரே அறையில் இரவு முழுவதும் கிடந்தால், விடியலில் இரண்டின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆயினும் வெறுங்காலை வைக்கும் குழந்தைக்குக் கல் சில்லிடுகிறது, பாய் இதமாக இருக்கிறது. கல்லும் பித்தளையும் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் பாதத்தின் வெப்பம் அவற்றுக்குள் வேகமாக ஓடிவிடுகிறது; கோரைக்குள்ளும் கம்பளிக்குள்ளும் சிறைப்பட்டிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே தோல் அளப்பது பொருளின் வெப்பநிலையைக் காட்டிலும், தன்னிடமிருந்து வெப்பம் வெளியேறும் வேகத்தையே என்று சொல்லலாம். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1690இல் வெளியான தம் நூலில் சுட்டிக்காட்டியபடி, ஒரு கை வெதுவெதுப்பாகவும் மறு கை குளிர்ந்தும் இருக்கும்போது இரண்டையும் ஒரே நீரில் அமிழ்த்தினால், அந்நீர் ஒரு கைக்குக் குளிராகவும் மற்றதற்குச் சூடாகவும் தோன்றும். வாளித் தண்ணீர், வெதுவெதுப்பான நீர், இரண்டும் கலந்த நீர் என மூன்று பாத்திரங்களை வைத்து ஐந்து வயதுக் குழந்தை இதைத் தானே செய்துபார்க்கலாம். வெதுவெதுப்பான நீர் பெரியவரின் முழங்கைக்கு இதமாக இருக்கும் அளவைத் தாண்டக்கூடாது.

குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளில் அதற்கென்றே அமைந்த புரத வாயில்கள் இருக்கின்றன என்பது 2002இல் கண்டறியப்பட்டது. பெப்பர்மிண்ட் மிட்டாயில் உள்ள மென்தால் அதே வாயிலைத் திறந்துவிடுவதால், வாயின் வெப்பநிலை சிறிதும் குறையாமலே நாக்கு குளிர்கிறது. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் வழிகளைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதே குளிர்ச்சியைக் காட்டுவதற்காகக் கற்பூரத்தைக் குழந்தையின் கையில் தருவது மட்டும் ஒருபோதும் கூடாது. சிறிதளவு விழுங்கினாலும் சிறு குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும்.

பனித்துளியும் பஞ்சும்

விடியற்காலையில் மொட்டை மாடித் தரையும், வெளியே நிறுத்திய வண்டியின் இருக்கையும், வாசலில் வைத்த பூசணிப் பூவின் இதழும் நனைந்திருப்பதைக் கண்டு, பனி வானத்திலிருந்து மழையைப்போல் இறங்குகிறது என்றே மக்கள் நெடுங்காலம் கருதி வந்தனர். 1814இல் லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் வெளியிட்ட ‘பனித்துளி பற்றிய கட்டுரை’ அந்தக் கருத்தை மாற்றியது. அவர் ஒரே எடையுள்ள சிறு கம்பளி உருண்டைகளைப் பலவகை இடங்களில் இரவில் வைத்துவிட்டு, காலையில் அவற்றை நிறுத்து, எங்கே எவ்வளவு நீர் சேர்ந்தது என்று கணக்கிட்டார். திறந்த வானத்தின் கீழ் வைத்த உருண்டை மிகுதியாகக் கனத்திருந்தது. தலைக்கு மேல் ஒரு தடுப்பு இருந்தால் நீர் வெகுவாகக் குறைந்தது. தெளிந்த இரவில் தரையும் இலையும் தம் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீச்சாக இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகின்றன; காற்றிலுள்ள நீராவி இனிமேல் ஆவியாக நிற்க முடியாத வெப்பநிலைக்கு, அதாவது பனிநிலைக்கு, அந்தப் பரப்பு இறங்கியதும் ஆவி அதன்மேல் நீராகப் படிகிறது. கூரையும் மரக்கிளையும் மேகமும் அந்த வெப்ப இழப்பைத் தடுப்பதால், வேப்பமரத்தடி உலர்ந்தும் வெட்டவெளி நனைந்தும் கிடக்கின்றன. மேகம் மூடிய இரவுக்குப் பிறகு பெரும்பாலும் எங்குமே பனி இருப்பதில்லை.

வெல்ஸ் கம்பளியைக் கொண்டு செய்ததை ராஜபாளையத்தில் பஞ்சைக் கொண்டு செய்யலாம். அதற்கு இதைவிடப் பொருத்தமான ஊரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதலாக நூற்பாலைகளால் வளர்ந்த ஊர் அது. அருகிலுள்ள சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்குச் செல்லும் பேண்டேஜ் துணிக்குப் பெயர்பெற்றது. கையால் கிள்ளிய ஒரே அளவிலான மருத்துவப் பஞ்சுத் துண்டுகளில் ஒன்றை மாடியின் நடுவிலும், ஒன்றை மரத்தடியிலும், ஒன்றைத் தாழ்வாரத்திலும் வைத்து, காலையில் மூன்றையும் குழந்தை பிழிந்து பார்த்தால், எடைக்கல் இல்லாமலே விரல்கள் விடையைச் சொல்லிவிடும்.

பஞ்சைப் பயன்படுத்தும் முன் அதைப் பற்றியே ஒரு சோதனை செய்வது நன்று. செடியிலிருந்து எடுத்த பருத்திப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் அது நெடுநேரம் நனையாமல் மிதக்கும். மருத்துவப் பஞ்சோ சில நொடிகளில் நீரை உறிஞ்சி அமிழ்ந்துவிடும். பருத்தி இழையின் மேற்பரப்பில் இயற்கையாகவே ஒரு மெல்லிய மெழுகுப் படலம் இருக்கிறது. காரம் கலந்த நீரில் வேகவைத்து வெளுக்கும்போது அந்த மெழுகு நீங்கி, இழையின் செல்லுலோஸ் நீரை ஏற்கத் தொடங்குகிறது. தலையணையில் அடைக்கும் இலவம் பஞ்சு இன்னும் பிடிவாதமாக மிதக்கும், ஏனெனில் அதன் இழைகள் மெழுகு பூசியவை மட்டுமல்ல, உள்ளே காற்று நிறைந்த வெற்றுக் குழல்களும்கூட. பெரியவர்களின் கண்ணுக்கு மூன்றும் வெறும் வெள்ளைப் பஞ்சுதான். நீரில் போட்டுப் பார்த்த குழந்தைக்கோ அவை மூன்று வெவ்வேறு பொருள்கள். அட்டையில் ஒட்டிப் பனிமனிதன் செய்வதற்காக ஒரு பை பஞ்சைச் செலவிடும் வகுப்பறை, அந்தப் பஞ்சுக்குள் இருந்த பாடத்தைக் கைநழுவ விடுகிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எந்தப் பரப்பில் பனி மிகுதியாகப் படியும் என்று கேட்டால், தொட்டால் மிகக் குளிரும் எவர்சில்வர் தட்டையே குழந்தைகளும் பெரியவர்களும் சுட்டுவார்கள். வாழையிலை, கண்ணாடி, பளபளப்பான எவர்சில்வர் தட்டு ஆகியவற்றைச் சிறு பலகைகளின் மேல் அருகருகே வைத்தால், இலையும் கண்ணாடியும் நன்கு நனைந்திருக்க, தட்டில் குறைவாகவே பனி சேர்ந்திருக்கும். மெருகேறிய உலோகம் வெப்பக் கதிர்களை மிகக் குறைவாகவே வெளிவிடுவதால் அது மற்றவற்றைப்போல் குளிர்வதில்லை. வெல்ஸும் இதைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். எதிர்பார்ப்பு பொய்க்கும் இத்தகைய தருணம் குழந்தையின் அறிவியல் கல்வியில் மிக உயர்ந்த மதிப்புடையது என்பதால், விடையை முன்கூட்டியே சொல்லிவிடும் அவசரத்தைப் பெரியவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும்.

இலைகளின்மேல் காலையில் காணும் துளிகள் எல்லாமே பனியும் அல்ல. நெற்பயிரின் இளந்தாளையோ புல்லையோ உற்றுநோக்கினால், தாளின் உடலெங்கும் பொடிப்பொடியாகப் படிந்த துளிகள் ஒருபுறமும், நுனியில் மட்டும் கோத்தாற்போல் தொங்கும் ஒற்றைப் பெருந்துளி மறுபுறமும் தென்படும். முன்னது காற்றிலிருந்து வந்த பனி. பின்னதோ, ஈரம் நிறைந்த மண்ணிலிருந்து வேர் இரவு முழுவதும் உறிஞ்சிய நீர், இலை நுனியிலுள்ள நீர்த்துளை வழியாக வெளியே கசிந்தது. தாவரவியலில் இதற்கு நீர்வடிதல் என்று பெயர். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கண்மாய்க்கரை வயலும் இருந்தால் இதைக் காட்ட ஐந்து நிமிடம் போதும். நுனித்துளியை ஒரு விரலால் துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்தால், அதே இடத்தில் மெல்ல மெல்ல மற்றொரு துளி ஊறுவதையும் சில காலைகளில் காணலாம். பரப்பில் படிந்த பனித்துளியோ துடைத்த இடத்தில் அவ்வாறு திரும்பி வருவதில்லை.

ஐஸ் கட்டிக்கு ஒரு கம்பளி

ஐஸ் இவ்வட்டாரத்தின் இயற்கைக்கு உரியதன்று. அது தொழிற்சாலையிலிருந்தோ குளிர்சாதனப் பெட்டியிலிருந்தோ வர வேண்டும். ஆனால் சென்னைக்கே ஒருகாலத்தில் ஐஸ் அமெரிக்காவிலிருந்து வந்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடர் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டியெடுத்த பனிப்பாளங்களை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி 1833இல் முதன்முதலாகக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணத்தையும் தாண்டி அதில் பெரும்பகுதி கரையாமல் வந்து சேர்ந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் அவர் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

மரத்தூள் செய்த வேலையை மழலையர் வகுப்பில் உமியும் சாக்குத்துணியும் பஞ்சும் கம்பளியும் செய்யும். ஒரே அளவுள்ள ஐஸ் கட்டிகளை ஒவ்வொன்றிலும் சுற்றி, ஒன்றை மட்டும் சுற்றாமல் தட்டில் வைத்து, எது முதலில் கரையும் என்று கேட்டால், கம்பளி சுற்றியதே முதலில் கரையும் என்று பெரும்பாலான குழந்தைகள் சொல்வார்கள். கம்பளி சூடு தரும் பொருள் என்பது அவர்களின் அனுபவம். சுற்றாத கட்டி முதலில் கரைந்துபோக, கம்பளிக்குள் இருந்தது நெடுநேரம் தங்குவதைக் கண்டபின், கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை, வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குச் செல்வதைத் தாமதப்படுத்துகிறது என்ற உண்மைக்கு அவர்கள் வெகு அருகில் வந்துவிடுவார்கள். இட்லிப்பூவையோ செம்பருத்தி இதழையோ தண்ணீரில் இட்டு உறையவைத்து, வெதுவெதுப்பான நீரைத் துளித்துளியாக விட்டு மலரை மீட்கும் விளையாட்டும் இவ்வயதினருக்கு மிகப் பிடித்தமானது. ஐஸின்மேல் உப்பைத் தூவினால் அது விரைந்து கரைவதைக் காட்டலாம். ஆனால் உப்பும் ஐஸும் கலந்த கலவையின் வெப்பநிலை பூச்சியத்துக்கு வெகு கீழே, உரிய விகிதத்தில் −21 டிகிரி வரைகூட, இறங்கித் தோலைப் புண்ணாக்கக்கூடியது என்பதால், அதைக் கரண்டியால் மட்டுமே தொட வேண்டும்.

காதும் நிழலும்

மார்கழி விடியலில் ஆண்டாள் கோவிலின் மணியோசையும் ஒலிபெருக்கியில் வரும் திருப்பாவையும் பகலில் எட்டாத தெருக்களையும் எட்டுவதற்கு ஊரின் அமைதி ஒரு காரணம். காற்று மற்றொரு காரணம். பகலில் தரையை ஒட்டிய காற்று வெப்பமாகவும் மேலே செல்லச் செல்லக் குளிர்ந்தும் இருக்கும். குளிர்ந்த தரை தன்மேல் உள்ள காற்றை இரவு முழுவதும் குளிர்வித்துவிடுவதால், விடியலில் இந்த ஒழுங்கு தலைகீழாகி, கீழே குளிர்காற்றும் மேலே சற்று வெப்பமான காற்றும் நிற்கின்றன. வெப்பமான காற்றில் ஒலி வேகமாகச் செல்வதால், மேல்நோக்கிச் சென்ற ஒலியலை வளைந்து மீண்டும் தரையை நோக்கி இறங்குகிறது. பகலிலோ அது வானை நோக்கி வளைந்து போய்விடுகிறது. அதே அடுக்குதான் அடுப்புப் புகையை மேலே எழவிடாமல் தெருமட்டத்தில் விரித்துப் போடுகிறது. அந்த வேளையில் பிளாஸ்டிக்கையும் டயரையும் கொளுத்துவது குழந்தைகளின் நுரையீரலுக்குள் நேராகப் புகையை அனுப்புவதற்குச் சமம்.

நிழலைக் காண வெயில் வேண்டும், அதற்கு நண்பகலே உகந்தது. இவ்வூர்களில் டிசம்பர் பிற்பாதியில் சூரியன் தன் உச்சியை அடையும் நேரம் பன்னிரண்டேகால் மணியளவு; அப்போதும் அது தலைக்கு நேர் மேலே வராமல் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 57 டிகிரி உயரத்திலேயே நிற்கும். நான்கு வயதை ஒட்டி ஒரு மீட்டர் உயரமுள்ள குழந்தையின் நிழல் அந்நேரத்தில் வடக்கு நோக்கி 65 சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். அதன் விளிம்பைக் கோலமாவினால் வரைந்து, நீளத்தை ஒரு கயிற்றில் முடிச்சிட்டு எடுத்துவைக்கலாம். சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்களில் அதே நேரத்தில் அதே குழந்தை அதே இடத்தில் நின்றால், நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதுதான் குளிர்காலத்திற்குக் காரணம் என்ற பாடம் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ வரும்போது, முடிச்சிட்ட அந்தக் கயிறு அதற்கு உயிர் கொடுக்கும்.

இச்சோதனைகளுக்கெல்லாம் ஒரு பதிவேடு தேவை. அது எளிதாக இருக்க வேண்டும். ஓர் அட்டையில் மார்கழியின் நாள்களுக்கு முப்பது கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு காலையும் எண்ணெய் கெட்டியா, மங்கலா, தெளிவா என்பதை ஒரு வண்ணத்தாலும், பனி படிந்ததா என்பதை ஒரு துளியாலும், முந்தைய இரவு மேகம் இருந்ததா என்பதை ஒரு சிறு வளைவாலும் குழந்தையே குறிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் திருப்பாவையின் முப்பது பாடல்களோடு நாள்களை எண்ணிப் பழகிய ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதால், இக்கட்டங்கள் அதற்கு அந்நியமாகத் தோன்றா. மேகக் குறி உள்ள நாட்களில் துளிக் குறி இல்லாமல் போவதை மாத இறுதியில் குழந்தை தன் வாயால் சொல்லிவிட்டால், வெல்ஸ் கண்ட உண்மையை அது தானே கண்டுவிட்டது என்று கொள்ளலாம்.

மார்கழி டிசம்பர் 16ஆம் தேதியை ஒட்டிப் பிறக்கிறது. பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையும் அம்மாதத்திற்குள்ளேயே வருகிறது. மாசி பிறந்து இரவு வெப்பநிலை மீண்டும் ஏறத் தொடங்கிவிட்டால் எண்ணெய் உறைவது நின்றுவிடும், பிறகு அடுத்த கார்த்திகை முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே பெற்றோரும் அங்கன்வாடிப் பணியாளர்களும் இதற்கெனப் புதிதாக எதையும் வாங்காமல், கார்த்திகை முடியும் வாரத்திலேயே மூன்று கண்ணாடிக் குவளைகளையும் ஒரு பொட்டலம் மருத்துவப் பஞ்சையும் ஓர் அட்டையையும் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.